கிழக்கு வீடு, மேற்குப் பத்திரம்

உட்காருங்கள் தம்பி. அந்த மூலை ஆடும், இப்படித் தள்ளி உட்காருங்கள். டோக்கன் எத்தனை? ஐம்பத்தெட்டா? அப்படியென்றால் சாப்பாட்டு நேரம் தாண்டித்தான் கூப்பிடுவார்கள். எனக்கு நாற்பத்தாறு. இப்போது நாற்பத்தொன்று உள்ளே போயிருக்கிறது. ஒரே குடும்பத்தில் பதினோரு பேர் கைரேகை வைக்கிறார்கள், சீக்கிரம் வெளியே வராது.

மடியில் என்ன, வங்கி கொடுத்த விற்பனைச் சான்றா? ஏலத்தில் எடுத்த வீடு, அதுதானே? நீங்கள் ஃபைலைப் பிடித்திருக்கிற பிடியிலேயே தெரிகிறது. பிறந்த பிள்ளையைப் பிடிக்கிற மாதிரி. நானும் அப்படித்தான் பிடித்துக்கொண்டிருந்தேன். ஏழு வருஷத்துக்கு முன்னால், இதே பத்திரப்பதிவு ஆபீஸ், இதே பெஞ்சு. அப்போது இந்த மூலை ஆடவில்லை.

பயமுறுத்தவில்லை தம்பி. எனக்கு ஆனது உங்களுக்கும் ஆகவேண்டும் என்று எந்தச் சட்டமும் இல்லை. பொழுது போகவேண்டுமே என்று சொல்கிறேன்.

என் பெயர் வெயிலுமுத்து. முப்பத்தொரு வருஷம் இந்த ஊருக்குத் தண்ணீர் திறந்துவிட்டவன். நகராட்சி வால்வுச் சாவி என் தோளில்தான் கிடக்கும். நான் தோண்டாத தெரு இந்த ஊரில் கிடையாது. ரோட்டைக் காலால் தட்டியே அடியில் எத்தனை அங்குலக் குழாய் போகிறது என்று சொல்லிவிடுவேன். ஒரு வருஷம் பெருமழையில் வைப்பாற்றுக் கிணற்றிலிருந்து குழாய் வழியாக அயிரை மீன் வந்துவிட்டது. நான் வால்வைத் திறக்கிறேன், தெருக்குழாய் அத்தனையிலும் அயிரை. அன்றைக்கு மீன்குழம்பு வைக்காத வீடில்லை. சைவ வீட்டுக்காரர் ஒருவர் குடத்தைக் கவிழ்த்துவிட்டு அழுதார். சிரிக்கிறீர்கள். வேண்டுமானால் சீனியம்மாளைக் கேளுங்கள். அதோ, வேப்பமரத்தடியில் பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாளே, பச்சைச் சேலை, என் வீட்டுக்காரி. இன்றைக்குக் கேட்க வேண்டாம். ஒரு மணி நேரமாக என்னோடு பேச்சில்லை.

எதிர்த்தாற்போல் டீக்கடையில் பேப்பர் படிக்கிறாரே, வெள்ளைச் சட்டை, அவர் தவசிலிங்கம். காரச்சேவுக் கடை வைத்திருக்கிறார். என் பக்கத்து வீடு. அவர் பேப்பர் படிக்கவில்லை. அரைமணி நேரமாக அதே பக்கம்தான். என்னைத்தான் பார்க்கிறார். பார்க்கட்டும்.

நான் ரிட்டையர் ஆனபோது கைக்கு வந்ததை என்ன செய்வது என்று இருந்தேன். நாற்பது வருஷம் வாடகை வீடு. ஒரு வீட்டுக்காரர் சுவரில் ஆணி அடிக்கக் கூடாது என்பார், இன்னொருவர் அம்மியில் ஓங்கி அரைக்காதே என்பார். சீனியம்மாள் ஒன்றே ஒன்றுதான் கேட்டாள். "நம்ம சுவர்ல, நான் நெனச்ச எடத்துல, ஒரு ஆணி அடிக்கணும்" என்றாள். ஏலத்தில் வீடு படிந்த அன்றைக்கே கடைக்குப் போய் ஒரு பொட்டலம் ஆணி வாங்கி வைத்துவிட்டாள். எங்கள் கல்யாணப் போட்டோவை மாட்டுவதற்கு.

இந்தத் தவசிலிங்கத்துக்கு ஒரு தம்பி உண்டு, கோபால்சாமி. தீப்பெட்டி லேபிள் அச்சகம் வைத்திருந்தான். அது படுத்துவிட்டது. கடன் கட்ட முடியவில்லை, வங்கி வீட்டைப் பூட்டிச் சீல் வைத்தது. அவன் குடும்பத்தோடு திருப்பூருக்குப் போய்விட்டான். பேப்பரில் வீட்டின் போட்டோ போட்டு ஏல அறிவிப்பு வந்தது. அடியில் பொடி எழுத்தில், 'எங்கே எப்படி இருக்கிறதோ அங்கே அப்படியே' என்று போட்டிருந்தான். உங்களுடையதிலும் இருக்கும், பாருங்கள். நான் அதைப் படித்துவிட்டு, சரிதானே, வீடு எங்கே ஓடிவிடப் போகிறது என்று நினைத்தேன். வீடு ஓடவில்லை தம்பி. பத்திரம் பக்கத்து வீட்டுக்குப் போய் உட்கார்ந்திருந்தது.

சாவி வாங்கி, பால் காய்ச்சி, மூன்றாம் மாதம் பட்டா மாற்றுவதற்கு சர்வேயரைக் கூட்டிவந்தேன். சின்னப் பையன். டேப்பை இழுத்தான், வரைபடத்தைப் பார்த்தான், மறுபடி இழுத்தான். பிறகு காம்பவுண்டுச் சுவரைச் சுற்றிப் போய் தவசிலிங்கம் வீட்டு அடுப்படிக்குள் நுழைந்துவிட்டான். தவசிலிங்கத்தின் பெஞ்சாதி கரண்டியோடு வெளியே வருகிறாள், பின்னாலேயே அவரும். பையன் அவளைத் தாண்டி என்னைப் பார்த்து, "ஐயா, இதான் ஒங்க வீடு" என்றான்.

"ஏன் தம்பி, வெயில் ஜாஸ்தியா?" என்றேன்.

"நீங்க வாங்குனது மேற்கு வீடு. நீங்க இருக்கறது கிழக்கு வீடு. அது இவர் பேர்ல இருக்கு."

தவசிலிங்கம் கையில் பாதி கடித்த சேவு. அப்படியே நின்றார். "நான் ஒரு வங்கி வாசப்படியும் மிதிச்சதில்லையே" என்றார். பாவமாகத்தான் இருந்தது.

நடந்தது இதுதான். இவர்களுடைய அப்பா ஒரே மாதிரி இரண்டு வீடு கட்டினார். பாகம் பிரித்தபோது கிழக்கு வீடு அண்ணனுக்கு, மேற்கு வீடு தம்பிக்கு என்று பத்திரம் பதிவாகிவிட்டது. குடிபோகிற அன்றைக்கு உறவில் ஒரு பெரியவர் வந்து, அண்ணன் மேற்கே இருக்கணும், தம்பி கிழக்கே இருக்கணும், மாறி இருந்தால் அண்ணனுக்கு ஆகாது என்று சொல்லிவிட்டார். அண்ணன் தம்பி இரண்டு பேரும் பால் பாத்திரத்தைத் தூக்கிக்கொண்டு வீட்டை மாற்றிக்கொண்டார்கள். இரண்டும் ஒரே மாதிரி வீடு. யாருக்கு என்ன நஷ்டம்? பத்திரத்தை மாற்ற வேண்டும் என்று ஒருத்தருக்கும் தோன்றவில்லை. அண்ணன் தம்பிக்குள் பத்திரம் எதற்கு என்று இருந்துவிட்டார்கள். முப்பது வருஷம் கழித்துத் தம்பி தன் பத்திரத்தை, அதாவது மேற்கு வீட்டுப் பத்திரத்தை, அடமானம் வைத்தான். மதிப்புப் போட வந்த ஆளுக்கு, தான் குடியிருந்த கிழக்கு வீட்டைக் காட்டினான். அந்த ஆள் வாசலில் நின்று போட்டோ எடுத்துக்கொண்டு, மோர் குடித்துவிட்டுப் போய்விட்டான்.

ஆக, நான் இருக்கிற வீடு அவருடையது. அவர் இருக்கிற வீடு என்னுடையது. அவருக்கு நான் வீட்டுக்காரன், எனக்கு அவர் வீட்டுக்காரர். புரிகிறதா? புரிய எனக்கே ஒரு மாதம் ஆனது.

வங்கிக்குப் போனேன். மேனேஜர் நல்ல மனிதர், நாற்காலி போட்டார். "எங்கே எப்படி இருக்கிறதோ அங்கே அப்படியே" என்ற வரியில் விரலை வைத்து, "இதைப் படிச்சுத்தானே கையெழுத்துப் போட்டீங்க?" என்றார். அடுத்த தடவை போனபோது வேறு மேனேஜர். அவரும் அதே வரியில்தான் விரலை வைத்தார். அந்த இடத்தில் எழுத்தே அழிந்திருக்கும்.

வக்கீல் சொன்னார், "அண்ணாச்சி, கோர்ட்டுக்குப் போனா ஒங்க காலத்துல முடியாது. ரெண்டு பேரும் சேர்ந்து ஒரு பரிவர்த்தனைப் பத்திரம் எழுதிக்கோங்க. என் வீடு ஒனக்கு, ஒன் வீடு எனக்குன்னு. ஒரு காலைப்பொழுது வேலை." தவசிலிங்கமும் தங்கமாகச் சொன்னார், "நாளைக்கே எழுதிருவோம் அண்ணாச்சி. எனக்கு எதுக்கு ஒங்க வீடு?" என்றார். நாள்கூடக் குறித்தோம், ஆவணி பிறந்ததும் என்று.

அந்த வாரம்தான் பின்வாசலில் சாக்கடைத் தண்ணீர் தேங்கியது. நான் சும்மா இருப்பேனா? கடப்பாரையை எடுத்துத் தோண்டினேன். தவசிலிங்கம் சுவருக்கு மேலாகத் தலையை நீட்டி, "என்ன அண்ணாச்சி, தோண்டுறீங்க?" என்றார். வேலை செய்கிறவனைப் பார்த்து என்ன செய்கிறாய் என்று கேட்டால் எனக்கு வாய் சும்மா இருக்காது. உதட்டில் விரலை வைத்தேன். "சத்தம் போடாதீங்க தவசி. வெண்கலக் குடம். வாயில ஈயம் காய்ச்சி ஊத்தி அடைச்சிருக்கு. மூடியில ரெட்டைத்தலைப் பட்சி. தட்டுனா கோயில் மணி மாதிரி ரீங்காரம் அடங்க மாட்டேங்குது" என்றேன். "தொறந்தீங்களா?" என்றார். "அமாவாசை கழியட்டும்னு மண்ணத் தள்ளி மூடிட்டேன்" என்றேன். உண்மையில் கிடைத்தது உடைந்த பீங்கான் குழாய். சும்மா விளையாட்டுக்குச் சொன்னது, நானே அன்றைக்குச் சாயங்காலம் மறந்துவிட்டேன்.

ஆனால் ஆவணி பிறந்தது, தவசிலிங்கத்துக்குக் கடையில் வேலை. புரட்டாசியில் சனிக்கிழமை விரதம். ஐப்பசியில் தீபாவளிச் சேவு. தை பிறக்கட்டும் என்றார். எத்தனை தை பிறந்துவிட்டது. மனிதர் ஏன் இப்படி மாறினார் என்று எனக்கு விளங்கவே இல்லை தம்பி. யாரோ அவர் மனசைக் கெடுத்திருக்கிறார்கள் என்று சீனியம்மாளிடம் சொன்னேன். அவள் என்னை ஒரு பார்வை பார்த்தாள்.

அதற்கப்புறம் இரண்டு வீடும் பட்ட பாடு. மழை பெய்தால் எங்கள் தலைமேல் ஒழுகும். நான் தளம் போட மாட்டேன், அவர் வீட்டுக்கு நான் ஏன் போடவேண்டும்? மேற்கு வீட்டில் சுவர் வெடித்தது. அவர் பூச மாட்டார், அது என் சுவராம். ஒரு நாள் நான் சுவருக்கு மேல் எட்டிப் பார்த்து, "என்ன தவசி, என் வீட்டை இப்படிப் போட்டு வச்சிருக்கீங்க?" என்றேன். "என் வீட்டுக் குளியலறைக் கதவு எங்கே போச்சு, அதுக்கு மொதல்ல பதில் சொல்லுங்க" என்றார். கரையான் அரித்த கதவு. நானா தின்றேன்?

சீனியம்மாள் ஆணி அடிக்கவில்லை. "ஊரான் சுவர்ல அடிக்கமாட்டேன்" என்றுவிட்டாள். கல்யாணப் போட்டோ ஏழு வருஷமாக அலமாரி மேல் சுவரில் சாய்ந்தபடி நிற்கிறது. காலண்டர் கட்டிலில் படுத்திருக்கிறது. தேதி பார்க்க வேண்டுமென்றால் போர்வையை விலக்கவேண்டும். கடிகாரம் அரிசி டிரம்மின் மேல் மல்லாந்து கிடக்கிறது. மணி பார்க்கக் குனிந்து குனிந்து எனக்கு இடுப்பே போயிற்று. நான் எத்தனையோ தடவை சொன்னேன், "அடி சீனி, யார் கேக்கப் போறா?" என்று. "நான் கேப்பேன்" என்றாள்.

போன மாதம் தவசிலிங்கத்துக்கே முட்டியது. மகனுக்கு மாடி எடுக்கக் கடன் கேட்டுப் போயிருக்கிறார். பத்திரத்தைப் பார்த்துவிட்டு, "நீங்க இருக்கற வீடு ஒங்க வீடே இல்லையே" என்று அனுப்பிவிட்டார்கள். நேராக என் வாசலுக்கு வந்தார். "அண்ணாச்சி, போதும். எழுதிருவோம்" என்றார். முகமெல்லாம் வற்றிப்போயிருந்தது. எனக்கும் தெம்பில்லை. சரி என்றேன். சீனியம்மாள் இன்றைக்கு விடியற்காலையிலேயே தலைக்குக் குளித்து, ஆணிப் பொட்டலத்தையும் எடுத்துப் பையில் வைத்துக்கொண்டு வந்தாள். இங்கிருந்து நேராகப் போய் அடிக்கவேண்டுமாம். வருகிற வழியில் ஒன்று சொன்னாள். "இன்னைக்கு இது முடியலேன்னா, நான் கயத்தாறுக்கு என் தங்கச்சி வீட்டுக்குப் போயிருவேன். அப்புறம் கூப்புட வராதீங்க." கோபத்தில் சொல்லவில்லை தம்பி. பஸ் நேரம் சொல்கிற மாதிரிச் சொன்னாள்.

அதோ அந்த எழுத்தர் கடையில்தான் பத்திரம் தயார் செய்தோம். எழுத்தர் வாசித்துக் காட்டினார். பெயர், தகப்பனார் பெயர், நான்கு எல்லை, எல்லாம் சரி. கடைசியில் வழக்கமாக ஒரு பாட்டு வரும், கேட்டிருப்பீர்கள். "மேற்படி சொத்தையும் அதைச் சேர்ந்த நிதி, நிட்சேபம், ஜலம், பாஷாணம் முதலான சகல பாத்தியங்களையும்" என்று மூச்சுவிடாமல் ஓட்டினார். யாரும் காதில் வாங்க மாட்டார்கள். தவசிலிங்கம் வாங்கிவிட்டார்.

"இருங்க. நிதி நிட்சேபம்னா என்ன?"

எழுத்தர் சிரித்தார். "அது பழைய வழக்கம் ஐயா. நிதின்னா பூமிக்குள்ள தானாக் கெடக்கற பொதையல். நிட்சேபம்னா யாராச்சும் பொதச்சு வச்சது. எல்லாப் பத்திரத்துலயும் வரும்."

தவசிலிங்கம் என் பக்கம் திரும்பினார். ஏழு வருஷப் பார்வை அது. "வீடு ஒங்களுக்கு. அந்த ரெண்டு வார்த்த எனக்கு" என்றார். "கெழக்கு வீட்டு மண்ணுக்குள்ள உள்ளது எனக்குன்னு எழுதுங்க. கொடம் எங்கப்பா மண்ணுல கெடக்கு."

எந்தக் குடம் என்று எனக்கு ஞாபகமே வரவில்லை. அப்புறம்தான் வந்தது. பாருங்கள் தம்பி, ஒரு மனிதன் விளையாட்டுக்குச் சொன்னதை இத்தனை வருஷம் மனசில் பூட்டி வைத்துக்கொண்டு, இரண்டு வீட்டையும் ஒழுகவிட்டிருக்கிறார். இவரை என்ன சொல்வது? இப்படியும் நம்புகிறவர்கள் இருந்தால் ஊர் எப்படி உருப்படும்?

சீனியம்மாள்தான் முதலில் பேசினாள். "எடுத்துட்டு எழுதுங்க எழுத்தரய்யா. அவரே வச்சுக்கிடட்டும். இல்லாத கொடத்துக்கு எதுக்குங்க எழுத்து?"

எழுத்தர் பேனாவை எடுத்துவிட்டார். அந்த இரண்டு வார்த்தையை அடிக்கப் போனார். நான், "பொறுங்க" என்றேன்.

ஏன் சொன்னேன் என்று கேட்காதீர்கள். யோசித்துப் பாருங்கள். இந்தத் தவசிலிங்கம் லேசுப்பட்ட ஆளா? எள் விழுந்தால் எண்ணெய் தேடுகிறவர். ஒருத்தன் வாயால் சொன்னதற்காக இத்தனை வருஷம் மகனுக்கு மாடி கட்டாமல் இருப்பாரா? அது அவர் அப்பா கட்டின வீடு. அப்பா சாகும்போது காதில் ஏதாவது சொல்லியிருப்பார். இவருக்கு ஏதோ தெரிந்திருக்கிறது. இன்னொன்று, அன்றைக்கு நான் தோண்டினபோது, பீங்கான் குழாய்க்கு அடியில் கடப்பாரை ஒரு இடத்தில் டங்கென்று பட்டது உண்மை. கல் என்று விட்டுவிட்டேன். முப்பத்தொரு வருஷம் தோண்டினவன் சொல்கிறேன், கல் அப்படி ஒலிக்காது.

"பொறுங்கன்னா என்ன அர்த்தம்?" என்றாள் சீனியம்மாள்.

"மண்ணு நம்மளுதுன்னா அடியில உள்ளதும் நம்மளுதுதான? நாளைக்கு இவர் கடப்பாரையோட வந்து நின்னா?"

"வரட்டும். தோண்டட்டும். சாக்கடைக்காச்சும் ஆகும்."

"இருந்து, எடுத்துட்டுப் போயிட்டார்னா?"

எழுத்தர் கடையில் இருந்தவர்கள் எல்லாரும் எங்களையே பார்க்கிறார்கள். "நீங்கதானங்க சொன்னீங்க, வெளயாட்டுக்குச் சொன்னேன்னு" என்றாள் மெதுவாக.

"அன்னைக்கு வெளயாட்டுக்குத்தான் சொன்னேன்" என்றேன். "இல்லேன்னு இன்னைக்கு எப்படிச் சொல்ல முடியும்?"

அப்போது எழுந்து போய் வேப்பமரத்தடியில் உட்கார்ந்தவள்தான். நான் டோக்கனை வாங்கிக்கொண்டு இங்கே உட்கார்ந்தேன். தவசிலிங்கம் அங்கே. மூன்று பேரும் மூன்று திசையில். பத்திரம் எழுத்தர் மேஜையில் பேனாவுக்கு அடியில் கிடக்கிறது.

நீங்கள் படித்தவர், நீங்களே சொல்லுங்கள். நான் செய்தது தப்பா?

என்ன, நாற்பத்தாறா? அதற்குள்ளாகவா? பதினோரு பேரும் வெளியே வந்து, அடுத்த நான்கு டோக்கனும் போய்விட்டதே. அதோ தவசிலிங்கம் எழுந்துவிட்டார். ரோட்டைப் பார்த்துத் தாண்டுங்கள் தவசி, லாரி வருகிறது!

"காதுல விழுது தவசி. அந்த ரெண்டு வார்த்தைய எடுக்கறீங்களா இல்லையான்னு கடைசியா கேக்கீங்க, சரி. அதப் பத்தித்தான் இந்தத் தம்பியோட பேசிக்கிட்டிருக்கேன். ஒரு நிமிஷம் பொறுங்க. ஏழு வருஷம் பொறுத்தீங்கள்ல?"

சீனியம்மாளும் வருகிறாள். வா சீனி. என்ன அது, பொட்டலமா? எதுக்கு இவர்ட்ட குடுக்க? இவர் யாரோ, டோக்கனுக்கு வந்தவர். வாங்கிக்கொள்ளுங்கள் தம்பி, நீட்டின கையை மடக்க மாட்டாள். பிரித்துப் பாருங்கள். ஆணிதான். துருப்பிடித்திருக்கும், உப்புத்தாளில் தேய்த்தால் போய்விடும். குனிந்து உங்களிடம் ஏதோ சொன்னாளே, எனக்குச் சரியாக விழவில்லை. 'நீங்களாச்சும் அளந்து பாத்துட்டு அடிங்க' என்றா? நல்ல யோசனைதான். எப்பவுமே அவளுக்கு யோசனை உண்டு.

போகிறாள். டீ குடிக்கத்தான் போகிறாள். இந்தக் கடை டீ அவளுக்கு ஆகாது. பஸ் ஸ்டாண்டுப் பக்கம் ஒரு கடை உண்டு, அங்கேதான் குடிப்பாள். கயத்தாறு பஸ்ஸும் அங்கேதான் நிற்கும், அது வேறு விஷயம். டீ அங்கே நன்றாக இருக்கும்.

நாற்பத்தேழு என்கிறார்கள். கூப்பிடட்டும். தவசியும் திரும்பிப் போய்ப் பேப்பரை எடுத்துவிட்டார், பாருங்கள். அவருக்கு ஏதோ தெரியும் தம்பி. தெரியாமல் ஒரு மனிதன் இப்படி விடாப்பிடியாக நிற்க மாட்டான்.

அது கிடக்கட்டும். உங்கள் ஃபைலைக் கொஞ்சம் திறங்கள். எனக்கு இப்போதெல்லாம் பொடி எழுத்துக் கண்ணுக்குத் தெரியாது, நீங்களே படியுங்கள். முதல் பக்கம் வேண்டாம், கடைசிப் பக்கம். நிதி, நிட்சேபம் இருக்கிறதா?